ஒரு பல் பிந்தி

கொக்குவில் சந்திக்கு மேற்கே, லேத் கடைக்குப் பின்னால்
ஒரு பி.எஸ்.ஏ.யின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறேன்.
முந்நூற்றைம்பது சீசீ, ஒற்றைச் சிலிண்டர்.
எனக்கு முன்னமே பிறந்தது.

சொந்தக்காரர் றெஜினோல்ட்,
குருநகர் மீன் ஏலத்தில் கணக்கெழுதுபவர்.
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று
சப்பாத்துப் பெட்டி ஒன்றை நீட்டுகிறார்.
ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பிய காம்.
எண்ணெய்த் தாளைப் பிரித்தால்
மூக்கு உயர்ந்து தோள் அகன்று
பந்தயத்துக்கென்றே கடைந்தது.
"இதைப் போடுங்கோ தங்கச்சி. பறக்கோணும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.
இந்தக் குடாநாட்டில் ஏற்றம் என்றால்
ரயில் கடவை ஒன்றுதான்.
நாலாயிரம் சுற்றுக்கு மேலே கண் விழிக்கிற சாமான் இது;
அதற்குக் கீழே இருமும், விக்கும்,
ஆஸ்பத்திரி வீதி நெரிசலில்
ஓட்டோக்காரர் பார்த்திருக்க நின்றுபோகும்.

மகனின் பச்சைக் களியில் ஒரு துண்டு கிள்ளி
பிஸ்டன் தலையில் அப்பினேன்.
புதுக் காமைக் கொழுவி, கையால் மெல்ல இரண்டு சுற்று.
கழற்றிப் பார்த்தால்
வால்வு அமுக்கிய இடத்தில் களி, வெங்காயத் தோல் மாதிரி.
"தொடப் பார்க்குது."
"செதுக்கேலாதோ?"
"ஏலும். எல்லாம் ஏலும்."

பழைய காம் மேசையில் கிடந்தது.
அதைக் கழற்றும்போதே கண்டேன்:
பற்சக்கரத்தில் புள்ளியும் புள்ளியும்
ஒன்றையொன்று பார்க்கவில்லை.
உள்ளிழுக்கும் பக்கம் ஒரு பல் பிந்தி.
எவனோ ஒரு விசரன், என்று நினைத்தேன்.
பிறகு துணியால் துடைத்தேன்.
அந்தப் பிழையான பல்லின் மேல்
மயிரிழையாய், நேராய், ஓர் உளிக்கோடு.

பிழை விட்டவன் அடையாளம் வைப்பானா?

பழைய ரயரில் குந்தி, சோக்கால் நிலத்தில் கணக்குப் போட்டேன்.
நாற்பது பல். ஒரு பல் என்றால்
கிராங்கில் பதினெட்டுப் பாகை.
வால்வு பிந்தி மூடும்; வந்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போகும்;
அமுக்கம் இறங்கும்.
மண்ணெண்ணெயில் ஓடினாலும் உள்ளே தட்டாது.

மண்ணெண்ணெய்.
ஊசிக் குழலில் ஐந்து துளி பெற்றோல் ஏற்றி
காபரேற்றர் தொண்டைக்குள் பீச்சி
உதைத்துக் கிளப்பி
மிச்சத் தூரத்துக்கு அடுப்பெண்ணெய் குடித்த வருடங்கள்.
தெரு முழுக்கக் குசினி மணந்தது.
அப்போது ஒருவர், புத்தகமும் இல்லாமல்,
பிழையை அளந்து வைத்திருக்கிறார்.

"அப்பர் ஓடினது," என்றார் றெஜினோல்ட்.
"ஆர் செய்தது எண்டு தெரியாது.
சாவகச்சேரியில ஆரிட்டயோ ஒருக்கால் குடுத்தவர்."

அவருக்குச் சொன்னேன்:
புகை போய் முடியுமுன் காற்று வரத் தொடங்கும்.
அந்த ஒரு கணம் இரண்டு கதவும் நீக்கலாய் இருக்கும்.
எந்தக் காம் என்பது
அதை எவ்வளவு நேரம் திறந்து விடுவது என்கிற கேள்விதான்.
"நீங்கள் கூடுதலா எங்க ஓடுறனியள்?"
"விடியப்புறம் மூண்டரைக்குத் துறைக்கு.
ஐஸ் பெட்டியளுக்கு நடுவால."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
சப்பாத்துப் பெட்டியை மூடினார்.
"பழசையே போடுங்கோ. கொம்பனி அடையாளத்தில.
இப்ப பெற்றோல் இருக்குத்தானே?"

அந்தத் "தானே"யில் கொஞ்ச நேரம் நின்றோம் இருவரும்.
கியூஆர் அட்டையோடு இரவு முழுக்க
வரிசையில் படுத்தது அவ்வளவு பழைய கதையில்லை.

புள்ளிக்கு நேரே புள்ளி.
முதல் உதையில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் பிடித்தது, மூன்றாவதுக்கு வேலையில்லை.

உளிக்கோட்டை அரம் போட்டு அழிக்கவில்லை.
ஒரு பல் தள்ளி, எண்ணெய்க்குள், அது கிடக்கட்டும்.
தேவைப்படலாம்.

பெட்டி இன்னும் என் றாக்கையில்.
தம்பி ஆவணியில் வாறானாம்.
"சத்தத்தைக் கேட்டு என்ன காம் எண்டு கேட்டால்,"
காசை எண்ணிக்கொண்டே சொன்னார் றெஜினோல்ட்,
"அவன் அனுப்பினதுதான். என்ன?"